ஆபரேட்டர் பதில்கள்: இந்த வாரம் முழுக்க ஃபெய் மு

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். சீன சினிமாவுக்கு நூறு வயது ஆனதை ஒட்டி 2005-ல் ஹாங்காங் திரைப்பட விருதுக்காரர்கள் மிகச் சிறந்த சீனப் படங்களுக்கு ஒரு பட்டியல் போட்டார்கள். அதில் முதலிடம் பிடித்தது குங்ஃபூ படமல்ல, 1948-ல் வந்த ஒரு கறுப்பு வெள்ளைக் குடும்பக் கதை. எடுத்தவர் ஃபெய் மு. அவ்வளவுதான் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்துவிட்டு, "இந்த வாரம் அவரையே வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். மற்ற கேள்வி அனுப்பியவர்கள் பொறுத்தருள்க.

யார் இந்த ஃபெய் மு? பெயரே கேள்விப்பட்டதில்லையே!
*வாசகர், திண்டுக்கல்*

1906-ல் ஷாங்காயில் பிறந்தவர். பூர்வீகம் சூச்சோ. பத்து வயதில் குடும்பத்தோடு பெய்ஜிங் போனார். அங்கே பிரெஞ்சுப் பள்ளிப் படிப்பு, வீட்டில் சீனப் பழைய இலக்கியம். இரண்டிலும் ஊறிய ஆள். விளக்கு வெளிச்சத்தில் விடிய விடியப் படித்தே இடது கண் பார்வை போயிற்று என்பார்கள்.

பிழைப்புக்கு ஒரு சுரங்கத்தில் கணக்கு எழுதினார். மனசு என்னவோ கொட்டகையில்தான். படங்களைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதினார். நண்பர் ஜூ ஷிலினோடு சேர்ந்து ஒரு சினிமாப் பத்திரிகையும் நடத்தினார். இந்த ஜூ ஷிலினை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வருவார்.

அப்போது வட சீனாவில் வரிசையாகக் கொட்டகைகளை வைத்திருந்தவர் லுவோ மிங்யோ. அவருடைய கம்பெனியில் ஃபெய் முவுக்கு வேலை கிடைத்தது. என்ன வேலை தெரியுமா? வெளிநாட்டு மௌனப் படங்களின் நடுநடுவே வரும் ஆங்கில எழுத்துகளைச் சீனத்தில் பெயர்ப்பது. ஜனங்களுக்குக் கொடுக்கும் கதைச் சுருக்க நோட்டீஸ் எழுதுவது. சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். எந்த இடத்தில் எழுத்துப் போடாவிட்டாலும் ஜனங்களுக்குப் புரியும் என்று தினமும் எடைபோட்டுப் பார்க்கிற வேலை அது. அவருடைய பிற்காலப் படங்களில் பாத்திரங்கள் முக்கியமான நேரத்தில் வாயைத் திறப்பதே இல்லை. அந்தத் தைரியம் இங்கே வந்ததென்றுதான் நான் நினைக்கிறேன்.

1930-ல் லுவோ மிங்யோ மற்ற சில கம்பெனிகளோடு சேர்ந்து லியன்ஹுவா ஸ்டூடியோவைத் தொடங்கினார். ஃபெய் முவும் ஷாங்காய்க்கு வந்தார். 1933-ல் முதல் படம், 'நகரத்து இரவு'. அறிமுக இயக்குநருக்குக் கிடைத்த கதாநாயகி யார்? ருவான் லிங்யூ! அன்றைய உச்ச நட்சத்திரம்.

ஒரு கண்ணை வைத்துக்கொண்டு எப்படி ஐயா படம் எடுத்தார்?
*வாசகர், அருப்புக்கோட்டை*

கேமராவுக்கு மட்டும் எத்தனை கண்?

ருவான் லிங்யூ தற்கொலை செய்துகொண்டதற்கு இவர் எடுத்த படம்தான் காரணம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். உண்மையா?
*கல்லூரி மாணவி, மதுரை*

இல்லையம்மா. அந்த வீடியோக்காரர் ஆளை மாற்றிச் சொல்லியிருக்கிறார். நீங்கள் சொல்வது 'புதிய பெண்கள்'. அதை இயக்கியவர் சாய் சூஷெங். தற்கொலை செய்துகொண்ட ஒரு நடிகையின் வாழ்க்கையைத் தழுவிய கதை. பத்திரிகைக்காரர்களை அதில் கடுமையாகக் காட்டியிருந்ததால் அவர்கள் வரிந்துகட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அதே நேரத்தில் ருவானின் முன்னாள் துணைவர் கோர்ட்டுக்குப் போக, அவருடைய சொந்த வாழ்க்கை சந்தி சிரித்தது. 1935 மார்ச் 8, பெண்கள் தினத்தன்று உயிரை விட்டார். வயது இருபத்து நான்கு. சவப்பெட்டியைச் சுமந்த சினிமாக்காரர்களில் ஃபெய் முவும் ஒருவர்.

ஃபெய் முவின் முதல் மூன்று படங்களிலும் ருவான் நடித்தார். அந்த மூன்றும் இன்று இல்லை. ஒரு ரீல்கூட இல்லை. அந்தக் காலத்து பிலிம் நைட்ரேட் என்ற வகை. தீப்பிடித்தால் தண்ணீருக்குள் அமுக்கினாலும் எரியும். தீப்பிடிக்காமல் தப்பித்தாலும் சூடும் ஈரமும் பட்டால் டப்பாவுக்குள்ளேயே பிசுபிசுத்து, கடைசியில் பழுப்புப் பொடியாகிவிடும். திறக்கும்போது அடிக்கும் நெடியிலேயே, கொட்டகையில் படம் ஓட்டும் என்னைப் போன்ற ஆபரேட்டருக்குத் தெரிந்துவிடும், இது இனி மெஷினில் ஏறாது என்று. இதற்கு மேல் ஷாங்காய்மீது குண்டுமழை வேறு. எதை யார் காப்பாற்றுவது?

1935-ல் லுவோ மிங்யோவோடு சேர்ந்து எடுத்த 'தியன்லுன்' தப்பித்ததே அமெரிக்கக்காரர்கள் வாங்கிப் போனதால்தான். பேச்சில்லாத படம், ஆனால் சீன வாத்தியங்களை வைத்துப் பின்னணி இசை சேர்த்திருந்தார்கள். 1936-ல் நியூயார்க்கில் ஓடியது. வாங்கியவர்கள் தங்கள் வசதிக்கு வெட்டிச் சுருக்கிவிட்டார்கள். இன்று நாம் பார்ப்பது அந்த வெட்டிய பிரதிதான்.

மாவோவின் மனைவி இவர் படத்தில் நடித்திருக்கிறாராமே?
*வாசகர், கோவில்பட்டி*

நடித்திருக்கிறார். 1936-ல் வந்த 'ஓநாய் மலையில் ரத்தம்'. அப்போது அவர் பெயர் லான் பிங். ஷாங்காயில் வாய்ப்புத் தேடிக்கொண்டிருந்த நடிகை. மாவோவை மணந்து ஜியாங் சிங் ஆனது பின்னால். கதாநாயகி வேறொருவர், லி லிலி. இவருக்குத் துணைப் பாத்திரம்தான்.

கதை சின்னது. மலையடிவாரக் கிராமம். ஓநாய்கள் இறங்கி வந்து ஆட்களைக் கொல்கின்றன. ஓநாய் தெய்வாம்சம், அடிக்கக் கூடாது என்று சிலர். நம் வீட்டுக்கு வராதவரை நமக்கென்ன என்று சிலர். கடைசியில் தீப்பந்தத்தோடு ஊரே கிளம்புகிறது. சீனாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானைப் பற்றித் திரையில் வாய்விட்டுப் பேச முடியாத நேரம் அது. ஓநாய் யார் என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை. டிக்கெட் வாங்கிய அத்தனை பேருக்கும் தெரியும்.

போர் நடந்துகொண்டிருக்கும்போது போய் கன்பூசியஸ் பற்றிப் படம் எடுப்பானேன்? தப்பித்துக்கொள்ளும் வழிதானே?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், புதுக்கோட்டை*

கறாரான கேள்வி. ஷாங்காயில் அன்றிருந்த நிலைமையைச் சொல்கிறேன். 1937 நவம்பரில் ஊரை ஜப்பான் பிடித்துவிட்டது. பிரிட்டிஷ், அமெரிக்க, பிரெஞ்சுக்காரர்கள் கையிலிருந்த பகுதிகளுக்குள் மட்டும் 1941 டிசம்பர் வரை நுழையவில்லை. சுற்றிலும் எதிரி, நடுவே இவர்கள். 'அநாதைத் தீவு' என்றே அதற்குப் பெயர். அந்தத் தீவுக்குள் கொட்டகைகள் நிரம்பி வழிந்தன. அரசர் கதை, பேய்க் கதை, காதல் கதை எல்லாம் வாரத்துக்கு ஒன்றாகத் தயாராயிற்று.

அந்தச் சந்தையில்தான் மின்ஹுவா என்ற புதுக் கம்பெனிக்காக ஃபெய் மு மாதக்கணக்காகச் செதுக்கி 'கன்பூசியஸ்' எடுத்தார். 1940 டிசம்பரில் வெளியானது. நாடு சிதறிக் கிடக்கும்போது ஒரு கிழவர் ஊர் ஊராகப் போய் அரசர்களிடம் தர்மம் பேசுகிறார்; ஒருவரும் கேட்பதில்லை; சீடர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். இதைத் தப்பித்தல் என்று நான் சொல்லமாட்டேன். இரவு பகலாகக் குண்டுச் சத்தம் கேட்ட ஜனங்களுக்கு அந்தக் கிழவர் யார் நிலைமையைப் பேசுகிறார் என்று புரியாமலா இருந்திருக்கும்?

ஆனால் ஒன்று. படம் கொஞ்சம் விறைப்புத்தான். எல்லாரும் கோயில் சிலை மாதிரி நிற்கிறார்கள். மதிப்போடு பார்த்தேன், ஆசையோடு பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன்.

இதுவும் தொலைந்துபோன படம்தான். 2001-ல் யாரோ ஒருவர் பெயர் சொல்லாமல் ஒரு பிரதியை ஹாங்காங் ஆவணக் காப்பகத்தில் கொடுத்தார். இத்தாலியில் பொலோனா நகரத்து லேபில் சீர் செய்து 2009-ல் திரையிட்டார்கள். எங்கே சேர்ப்பது என்று தெரியாத சில துண்டுகள் தனியாகக் கிடந்தன. எங்கள் தொழிலில் இது தெரிந்த தலைவலி: ஒட்டு விட்டுப்போன துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, இது எந்த ரீலில் எந்த இடம் என்று விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து முழிப்போம்.

அதே மின்ஹுவாவில் 1941-ல் இன்னொரு காரியமும் நடந்தது. ஹிட்லரிடமிருந்து தப்பி ஷாங்காய் வந்து சேர்ந்த ஆஸ்திரிய இயக்குநர் தம்பதி யாக்கோப் ஃபிளெக், லூயிஸ் ஃபிளெக். யாக்கோப் நாஜி வதைமுகாமில் கிடந்துவிட்டு வந்தவர். அவர்களுக்கு ஃபெய் மு கதை எழுதிக் கொடுக்க, 'உலகத்தின் பிள்ளைகள்' என்று ஒரு படம் வந்தது. அந்த டிசம்பரிலேயே ஜப்பான்காரர்கள் தீவுக்குள்ளும் நுழைந்துவிட்டார்கள். ஃபெய் மு சினிமாவை மூட்டை கட்டிவிட்டு நாடக மேடைக்குப் போனார். போர் முடிகிறவரை ஜப்பானியர் கட்டுப்பாட்டில் ஒரு படமும் எடுக்கவில்லை. புதுக்கோட்டை ஐயாவுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

அந்த 1948 படத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? முடிவைச் சொல்லாமல் சொல்லவும்.
*வாசகி, காரைக்குடி*

'சிற்றூரில் வசந்தம்'. ஐந்தே பேர். ஆறாவது ஆள் கிடையாது. சீக்காளிக் கணவன், மனைவி யூவென், கணவனின் பதினாறு வயதுத் தங்கை, ஒரு கிழ வேலைக்காரர். குண்டு விழுந்து பாதி இடிந்துபோன பெரிய வீடு. கணவனும் மனைவியும் தனித்தனி அறையில் படுக்கிறார்கள். அந்த வீட்டுக்குக் கணவனின் பழைய சிநேகிதன் ஒரு டாக்டர் வருகிறான். மனைவிக்கும் அவன் பழைய ஆள்தான், கணவனுக்குத் தெரியாது. இதற்கு மேல் கதை சொல்லமாட்டேன்.

எழுதியவர் லி தியன்ஜி, அப்போது இளைஞர். ஃபெய் மு அவரிடம் வெட்டு வெட்டு என்று வெட்டச் சொன்னார். காரைக்குடிக்காரருக்குப் பெரிய வீட்டின் வெறுமையை நான் விளக்கவேண்டியதில்லை. ஆனால் படத்தில் வீட்டைவிட முக்கியம் ஊரின் மதில். சிதிலமாகிப் புல் முளைத்துக் கிடக்கிறது. யூவென் தினம் காய்கறி வாங்கிவிட்டு, கூடையோடு அந்த மதில்மேல் நடக்கிறாள். சீக்கிரம் வீட்டுக்குப் போக மனசில்லை, அவ்வளவுதான்.

அவள் குரலே பின்னணியில் ஓடுகிறது. இதைக் கவனமாகக் கேளுங்கள். டாக்டர் ஸ்டேஷனிலிருந்து பெட்டியோடு வருகிறான். அவள் அங்கே இல்லை, அவளுக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் குரல் சொல்லிக்கொண்டு வருகிறது: இந்த வழியாக வந்தான், அவன் வருவான் என்று நான் நினைக்கவில்லை. தெரியாத ஒன்றை எப்படிச் சொல்கிறாள்? நடந்து முடிந்தபின் நினைத்துப் பார்க்கிறாளா, நடக்கும்போதே மனசுக்குள் உருவேற்றுகிறாளா? படம் பதில் சொல்வதில்லை. போகப்போக அந்தக் குரலும் குறைந்துவிடுகிறது. பேச வேண்டியதை மனசுக்குள் பேச முடியாத கட்டத்துக்கு அவள் வந்துவிட்டாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்று, இது எங்கள் ஆட்கள் கண்ணில்தான் முதலில் படும். டிசால்வ். ஒரு காட்சி மங்கி அடுத்தது மேலே ஏறினால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம். பையன், பெரியவனாகிவிட்டான், சாயங்காலம், ராத்திரியாகிவிட்டது. கொட்டகையில் முன்வரிசைச் சிறுவனுக்கும் தெரிந்த பாஷை. ஃபெய் மு என்ன செய்கிறார்? ஒரே அறை, அதே ஆட்கள், ஒரு நிமிஷம்கூடக் கடக்கவில்லை. நடுவில் டிசால்வ் போடுகிறார். வெட்டினால் பொத்தென்று விழுந்திருக்கும். இவர் விழவிடாமல் வழுக்கிக்கொண்டே போகிறார். யாராவது ஏதாவது செய்துவிடுவார்களோ என்று நமக்குப் படபடப்பு ஏறுகிறது.

ராத்திரிக் காட்சியும் அப்படி. அந்த ஊரில் நள்ளிரவோடு கரண்ட் நின்றுவிடும். அப்புறம் மெழுகுவத்திதான். யூவென் டாக்டரின் அறைக்குப் போகிறாள். அவன் நெருங்குகிறான், தன்னையே பயந்துபோய் வெளியே ஓடி, அவளை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுகிறான். அவள் கண்ணாடியைக் கையால் உடைக்கிறாள். ரத்தம். அவன் திரும்பி வந்து கட்டுப் போடுகிறான். டாக்டராயிற்றே, கையைத் தொட அதுதான் அனுமதி. நான் பார்த்த எத்தனையோ காதல் காட்சிகளில் இவ்வளவு சூடானது வேறில்லை.

யூவெனாக நடித்த வேய் வேய் நூறு வயதை எட்டி 2023-ல் காலமானார். டாக்டராக வந்த லி வேய் 1990-ல் வந்த 'ஜூ டோ' படத்தில் சாயப்பட்டறை முதலாளியாக நடித்தார். அங்கே அவர்தான் நோயில் விழும் கணவன். மனைவியும் இன்னொருவனும் அவர் கண்முன்னே. நாற்பத்திரண்டு வருஷம் கழித்து எதிர்ப்பக்கத்துக்கு வந்து சேர்ந்தார்.

சீனாவின் முதல் கலர் படமும் இவருடையதுதான் என்று படித்தேன். அது ஏன் பேசப்படவில்லை?
*போட்டோ ஸ்டூடியோ உரிமையாளர், ஈரோடு*

நம்ம ஆள் கேட்டிருக்கிறார்! அதே 1948. 'வாழ்விலும் சாவிலும் துயரம்' என்று பெயரைச் சொல்லலாம். பெய்ஜிங் இசை நாடக மேதை மேய் லான்ஃபாங், ஐம்பது வயதைத் தாண்டிவிட்டவர், பகைவரிடம் சிறைப்பட்ட இளம் பெண்ணாக நடித்தார். போர்க்காலத்தில் மேடையேற மறுத்து, பெண் வேஷம் கட்ட முடியாதபடி மீசை வளர்த்துக்கொண்டவர் அவர்.

கலர் 35 எம்.எம். பிலிமுக்கு வசதி இல்லை. 16 எம்.எம். கலரில் எடுத்து, அமெரிக்காவுக்கு அனுப்பி 35-ஆகப் பெரிதாக்கினார்கள். 16-ன் கட்டம் 35-ன் கட்டத்தில் நாலில் ஒரு பங்குகூட வராது. ஈரோடு நண்பருக்குச் சொல்லவேண்டுமா? பாஸ்போர்ட் சைஸ் படத்தைக் கல்யாண ஆல்பம் அட்டைக்கு இழுத்த மாதிரி. குருணை குருணையாகத் தெரியும், நிறமும் பிசகிப்போனது. மேய் லான்ஃபாங்குக்கே திருப்தியில்லை. முதல் முயற்சி என்ற பெயர் மட்டும் நின்றது.

இவ்வளவு பெரிய ஆளை ஏன் மறந்தார்கள்?
*வாசகர், விருத்தாசலம்*

1948 செப்டம்பரில் 'சிற்றூரில் வசந்தம்' வெளியானபோது உள்நாட்டுப் போர் உச்சத்தில். நாடே யார் கைக்குப் போகிறது என்று தெரியாத நேரத்தில், ஒரு வீட்டுக்குள் மூன்று பேர் பெருமூச்சு விடுகிற படம். இடதுசாரி விமரிசகர்கள் இது நோஞ்சான் படம், நலிந்த வர்க்கத்துப் புலம்பல் என்றார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது, தீர்ப்புத்தான் தப்பு. 1949-ல் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தபிறகு படம் பெட்டிக்குள் போனது.

ஃபெய் மு ஹாங்காங் வந்தார். நான் ஞாபகம் வைக்கச் சொன்ன ஜூ ஷிலின் அங்கே இருந்தார். இருவரும் லோங்மா என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். ஊர் சுற்றி வித்தை காட்டும் குழுவைப் பற்றி 'ஜியாங்ஹூ எர்னூ' என்ற படத்தை ஆரம்பித்தார் ஃபெய் மு. 1951 ஜனவரி முடிகிற நேரத்தில் மாரடைப்பு. வயது நாற்பத்து நான்கு. படத்தை முடித்துக் கொடுத்தவர் ஜூ ஷிலின்.

1980-களின் தொடக்கத்தில் சீனக் காப்பகம் பழைய படங்களை வெளியே எடுத்தபோதுதான் புதுத் தலைமுறை 'சிற்றூரில் வசந்தம்' பார்த்து வாயைப் பிளந்தது.

2002-ல் வந்த ரீமேக் கலரில் அழகாக இருக்கிறது. அதைப் பார்த்தால் போதாதா?
*வாசகர், சேலம்*

தியன் ஜுவாங்ஜுவாங் எடுத்தது. அரசாங்கத்தின் கோபத்துக்கு ஆளாகிப் பல வருஷம் கதைப் படம் எடுக்காமல் இருந்தவர், இதை வைத்துத்தான் திரும்பி வந்தார். பயபக்தியோடு எடுத்திருக்கிறார். ஒளிப்பதிவு கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் யூவெனின் பின்னணிக் குரலை எடுத்துவிட்டார். குரல் போனதும் அவள் நமக்கு வெளியாள் ஆகிவிடுகிறாள். இரண்டையும் பாருங்கள், பழையதை முதலில்.

ஐயா, உங்கள் பேச்சைக் கேட்டுப் படம் பார்த்தேன். அரை மணியில் தூங்கிவிட்டேன். திட்டாமல் பதில் சொல்லவும்.
*வாசகர், தூத்துக்குடி*

எதற்குத் திட்டுவது? கொட்டகைக்கு வருகிறவர்களில் ஒரு பகுதி ஃபேன் காற்றுக்குத்தான் வரும். நேராகத் தங்கையின் பிறந்தநாள் காட்சிக்குப் போங்கள். எல்லாரும் குடித்து, விரல் காட்டி எண் சொல்லும் விளையாட்டு ஆடுகிறார்கள். மனைவி இத்தனை காலம் சிரிக்காதவள், டாக்டரோடு விளையாடி விளையாடிச் சிரிக்கிறாள். நீங்கள் அவளைப் பார்க்காதீர்கள், கணவனைப் பாருங்கள். ஒரு வசனம் இல்லாமல் அந்த மனிதனுக்கு எல்லாம் விளங்குகிறது. அதற்குப் பிறகும் தூக்கம் வந்தால் இந்த வாரம் விட்டுவிடுங்கள். அடுத்த இதழில் சுன் யூ. அவர் படத்தில் ரோடு போடுகிறார்கள், வெயிலில் ரோலர் இழுத்துக்கொண்டு பாட்டுப் பாடுகிறார்கள். தூங்க விடமாட்டார்கள்.